பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சேசிஸுக்கு பிரேஸ் போட்டவர்கள் ஏற்காட்டுப் பாதையில் கண்டவை (ஒவ்வொருவரும் தம் ஊர்ப்பெயரில் எழுதியது)

மூக்கனேரி:

என்னிடம் இருப்பது 1970களில் வந்த, கூரையில்லாத எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். முன் குறுக்குச் சட்டத்துக்கும் தரைத்தகட்டுக்கும் இடையே எக்ஸ் வடிவ பிரேஸ் (பாடி முறுக்காமல் பிடிப்பதற்கான கூடுதல் சட்டம்) போட்ட பிறகு ஏற்காடு சென்று திரும்பியபோது கண்ட ஒன்று இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. மேடுபள்ளங்களில் ஸ்டீயரிங் கம்பமும் முன்கண்ணாடிச் சட்டமும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது உண்மையாகவே குறைந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்பக்கம் ஸ்டீயரிங்குக்குக் கட்டுப்பட்டுத் திரும்பியது. இறங்கும் வழியில், எதிரே ஏறிவந்த பேருந்துக்கு இடம் விடுவதற்காக, இடப்பக்க முன்சக்கரத்தை மட்டும் மண்மேட்டின் மீது ஏற்றி நிறுத்தினேன். இறங்கிப் பார்க்க முயன்ற என் தம்பி கைப்பிடியை இழுத்துத் தோளால் தள்ளியும் கதவு அசையவில்லை. பேருந்து போன பின் காரைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்ததும் அதே கதவு விரல் பட்டவுடன் திறந்துகொண்டது. குனிந்து பார்த்தபோது, கதவின் பின் விளிம்பில் அரை அங்குல நீளத்துக்கு பெயிண்ட் தேய்ந்து வெறும் தகரம் பளபளத்தது. பிரேஸ் போட்டும் பாடி இவ்வளவு முறுக்குகிறது என்றால், நான் போட்ட பிரேஸ் எதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது?

சூரமங்கலம்:

என்னுடையது திருவள்ளூர் ஆலையில் தயாரான 1.5 லிட்டர் பெட்ரோல் மிட்சுபிஷி லான்சர். அது ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் சேராது என்பவர்கள், நம் நாட்டு ராலிகளில் அது ஓடிய ஓட்டத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட் பார் (பானெட்டுக்குள், முன்சக்கரங்களின் ஸ்பிரிங் தூண்கள் மாட்டும் இரண்டு மேடைகளையும் குறுக்கே இணைக்கும் கம்பி) வெறும் அலங்காரம் என்று நண்பர் ஒருவர் சொன்னதைப் பொறுக்காமல், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களை இரண்டு ஸ்ட்ரட் மேடைகளுக்கும் இடையே கட்டி, உட்குழாயில் இறுக்கமான ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி, அடிவாரத்திலிருந்து மேலே வரை ஓட்டிச் சென்றேன். ஏரிக்கரையில் நிறுத்தி பானெட்டைத் திறந்தபோது, வளையம் தன் இடத்தைவிட்டு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தள்ளப்பட்டிருந்தது. மேடைகள் ஒன்றையொன்று நெருங்கி விலகியதைக் கண்ணால் கண்ட அந்த நொடியை என்னால் மறக்க முடியாது. நேரான பார் ஒன்றைப் பொருத்தி மறுபடியும் ஓட்டியபோது வளையம் இருந்த இடத்திலேயே இருந்தது. மூக்கனேரி நண்பரும் முதலில் ஸ்ட்ரட் பார் போட்டுவிட்டு மற்றதைப் பார்க்கலாம்.

செவ்வாய்ப்பேட்டை பட்டறை:

சூரமங்கலம் தம்பி சொல்வது லான்சருக்குப் பொருந்தும், எம்ஜிபிக்குப் பொருந்தாது. லான்சரின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்தது) என்பதால் சுமை மேடையின் உச்சிக்கு வருகிறது. எம்ஜிபியில் ஸ்பிரிங்கும் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பரும் கீழேயுள்ள குறுக்குச் சட்டத்திலேயே உட்காருகின்றன. பார் போடுவதற்கு அங்கே மேடையே கிடையாது.

என் அனுபவம் சிறியது. வேறொரு பட்டறையில் ரன்னிங் போர்டு (கதவுக்கடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம்) மாற்றிக் கொண்டுவரப்பட்ட திறந்த கார் ஒன்று என்னிடம் வந்தது. இரண்டு தூண் லிஃப்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பழையதை அறுத்துப் புதியதை வெல்டிங் செய்திருக்கிறார்கள். பாடி வளைந்த நிலையிலேயே இறுகிவிட்டதால், கீழே இறக்கிய நாளிலிருந்து கதவு மூடவில்லை. உரிமையாளர் ஒரு வார்த்தையும் பேசாமல், கதவின் மேல்முனையில் நுழையாத விரலைக் கீழ்முனையில் முழுதாக நுழைத்துக் காட்டினார்.

மூக்கனேரி ஐயா, உங்கள் காருக்குத் தனிச் சேசிஸ் இல்லை, கூரையும் இல்லை. முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிப்பவை பெரும்பாலும் கதவுக்கடியில் ஓடும் இரண்டு ரன்னிங் போர்டுகளும் நடுவில் டிரைவ் ஷாஃப்ட் ஓடும் சுரங்கமும்தான். ரன்னிங் போர்டு மூடிய பெட்டியாக இருக்கும்வரைதான் அதற்கு பலம். 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் உள்ள குழாயை நீளவாக்கில் ஒரே ஒரு கோடாக அறுத்துவிட்டால், அதன் முறுக்கு எதிர்ப்பு நானூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இரும்பின் எடையோ அப்படியேதான் இருக்கும். அடித்தையலில் (தகடுகள் சேரும் கீழ் இணைப்பில்) துரு பிடித்துப் பிளந்த ரன்னிங் போர்டுக்கும் ஏறக்குறைய இதே கதிதான், வெளியே பெயிண்ட் மின்னினாலும். ஆகவே புதிய பிரேஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஸ்குரூ டிரைவரின் முனையால் தையல் நெடுகக் குத்திப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு முன்னால், பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்தில் கட்டாயம் குத்திப் பாருங்கள்.

மாற்றுவதாக இருந்தால், வண்டி தன் சக்கரங்களின் மேலோ ஆக்சிலுக்கு அடியில் வைத்த ஸ்டாண்டுகளின் மேலோ சமதளத்தில் நிற்க வேண்டும். கதவு இருக்கும்போதே நான்கு பக்க இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு, கதவு வாயின் குறுக்கே சதுரக் குழாயை போல்ட் போட்டு இறுக்கிய பிறகுதான் கிரைண்டரைக் கையில் எடுக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே சமயத்தில் அறுக்கவே கூடாது. பேட்டரி வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாயை ஒதுக்கி, விரலளவு வெல்டிங் வைத்து, ஆறவிட்டு, அடுத்ததைத் தள்ளி வையுங்கள். நீளமாக இழுத்தால் சூட்டில் தகடு வளைந்துவிடும். முடிந்ததும் உள்ளே மெழுகுப் பூச்சை அடியுங்கள்; தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள்.

அஸ்தம்பட்டி:

நான் சொல்ல வந்தது வேறு. என் காருக்கு 15 ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கக் கொண்டுசென்றபோது, ஆய்வாளர் தரையில் குந்தி, கைபேசி வெளிச்சத்தில் அடிப்பக்க பிரேஸை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது கம்பெனியிலேயே வந்ததா?" என்று கேட்டார். போல்ட் போட்டது, கழற்றிவிடலாம் என்று காட்டிய பிறகே அடுத்த வண்டிக்குப் போனார். பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆகவே வெல்டிங்கை யோசித்துச் செய்யுங்கள். சேசிஸ் எண் பொறித்த இடத்தின் மேல் பிரேஸோ பெயிண்டோ வரக்கூடாது.

மூக்கனேரி:

பட்டறை அண்ணனுக்கு நன்றி. இடப்பக்கத் தையலில், நீங்கள் சொன்ன இடத்திலேயே, ஸ்குரூ டிரைவர் கைப்பிடிவரை உள்ளே போனது. பிரேஸ் முன்பாதியை மட்டும் இறுக்கியிருப்பதால் முறுக்கு முழுவதும் கதவு வாயில் வந்து சேர்கிறது என்றே நினைக்கிறேன். அளவெடுக்கத் தொடங்கிவிட்டேன்.

நாகலூர் எஸ்டேட்:

எல்லாவற்றையும் துருவின் தலையில் போட்டுவிடலாம் என்று பட்டறை அண்ணன் கருதுவதாகப் படுகிறது; அதை நான் முழுதாக ஏற்கவில்லை. என்னிடமிருப்பது கோவாவில் தயாரான சான் ஸ்டார்ம் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார். பாடி ஃபைபர்கிளாஸ் என்பதால் மலைமேல் பனியும் மழையும் அதைத் தின்ன முடியாது. கீழுள்ள இரும்புச் சட்டத்தையும் சுத்தமாகத் தேய்த்துப் பார்த்தாயிற்று. ஓட்டை எதுவும் இல்லை. இருந்தும், பின்பக்கம் கனமான குறுக்குக் குழாய் ஒன்றைப் பொருத்திய பிறகு வந்த மழைக்காலத்தில், கதவு வாயின் முன்கீழ் மூலையிலிருந்து முடி கனத்தில் ஒரு கீறல் புறப்பட்டது. காலை வெயிலில் பார்த்தால் மட்டுமே தெரிந்த அது, குப்பனூர்ப் பாதையின் குழிகளில் ஓடி வந்த ஒவ்வொரு முறையும் சற்று நீண்டது. பின்பாதி இறுகிவிட்டதால், அதுவரை நீளம் முழுக்கப் பரவியிருந்த முறுக்கு ஒரே மூலையில் வந்து குவிந்திருக்கிறது. மூக்கனேரியார் தம் காரில் கதவு வாயைப் பற்றிச் சொல்வதும் இதே சங்கதிதான். கீறலின் நுனியில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, உட்புறம் இரண்டு அடுக்கு கண்ணாடி இழைப் பாய் ஒட்டினேன். அந்தக் கனமான குழாயைக் கழற்றிவிட்டு, முன்னும் பின்னும் ஒரே அளவில் இரண்டு மெல்லிய குழாய்களை முக்கோணமாகப் போட்டிருக்கிறேன். நான்கு முனை போல்ட்டுகளிலும் பெயிண்டால் கோடு கிழித்து வைத்திருக்கிறேன். மலையிறங்கும் ஒவ்வொரு முறையும் அடிவாரத்தில் நிறுத்தி, கோடு பிசகியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஊருக்குள் ஓட்டுகிறேன். பின் இடப்பக்கத்துக் கோடு மட்டும் ஒருமுறை பிசகியிருந்தது. அங்கே நைலான் நட்டு மாற்றிய பிறகு நகரவில்லை.