இரவு ஏழே முக்காலை எப்படிக் கடப்பது?

கொள்ளிடக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது, ஊர் ஸ்ரீரங்கம். தில்லை நகரில் ஒரு லேபில் டெக்னீசியனாக இருக்கிறேன். ஐந்து வருஷம் பழகியவர் போன மாதம் வேறு பெண்ணோடு நிச்சயம் செய்துகொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருடைய சித்தி மகள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தட்டு மாற்றும் படம் போட்டிருந்தாள், அதில்தான் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்த வாட்ச்சைக் கையில் கட்டியிருந்தார்.

போன் செய்தேன். "வீட்ல ஒத்துக்கல, நான் என்ன பண்றது" என்றார். இரண்டு நிமிஷம்கூடப் பேசவில்லை.

பகல் எப்படியோ ஓடிவிடுகிறது. காலையில் வெறும் வயிற்றோடு சுகர் பார்க்க வருகிற கூட்டத்தில் வேறு நினைப்புக்கு இடமில்லை. தாங்க முடியாதது இரவு ஏழே முக்கால். அவர் சிங்கப்பூர் போன இந்த இரண்டு வருஷமும் அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார், அங்கே பத்தே கால். மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுவேன். இப்போதும் ஏழரை ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது. நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தேன், ஒன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததால்தான் இதை எழுதுகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் ஒரு பாட்டி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பி.டி. ஐ.என்.ஆர். டெஸ்ட் பார்க்க வந்தார். அதற்கு நீல மூடி டியூபில் எடுக்க வேண்டும். நான் ஊதா மூடியில் எடுத்துவிட்டேன். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடச் செய்யாத தப்பு. மறுபடி குத்த வேண்டியதாகிவிட்டது. பாட்டிக்குத் தோல் காகிதம் மாதிரி, முழங்கை மடிப்பு ஏற்கெனவே கன்றிப்போயிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "பரவால்லம்மா, நீ சாப்ட்டியா?" என்றார். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். விசா ஏஜெண்டுக்குக் கட்ட, என் சீட்டுப் பணம் 60,000 ரூபாயை அவருக்குக் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்டால் ஐந்து வருஷத்துக்கு விலை பேசுகிற மாதிரி ஆகிவிடுமோ?

நெல்லை கண்டக்டர்:

மகளே, நான் ரிட்டயர்டு கண்டக்டர். என் கதை 1989இல் நடந்தது. அப்போது எனக்குத் திருநெல்வேலி – திருச்செந்தூர் ரூட். அவள் ஆழ்வார்திருநகரியில் ஏறுவாள், டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். சாதியைச் சொல்லி அவள் வீட்டில் முடித்துவிட்டார்கள். கல்யாணம் ஆன பிறகும் அந்த ஸ்டாப் வந்தால் என் விசில் ஒரு நொடி பிந்தும். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்க மாட்டார்.

ஒரு நாள் சில்லறையைத் தப்பாகக் கொடுத்து, பையில் 38 ரூபாய் குறைந்தது. அன்றைக்கு அது பெரிய காசு. மறுநாளே டிப்போவில் போய் ரூட் மாற்றிக் கேட்டேன். பாபநாசம் ரூட் கிடைத்தது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று வேற ஊர், வேற முகங்கள். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஸ்டாப் தினமும் வருவது நின்றது.

உனக்கு அந்த மொட்டை மாடிதான் ஆழ்வார்திருநகரி. ஏழே முக்காலுக்கு அங்கே நிற்காதே. வீட்டிலேயே இருக்காதே. கொஞ்ச நாளைக்கு மட்டும்.

வார்டு அக்கா:

தங்கச்சி, மதுரையில் இதய வார்டில் 18 வருஷமாக நர்ஸ் வேலை. அந்த வலி உன் கற்பனை இல்லை. பெரிய அதிர்ச்சி வரும்போது உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது, தூக்கம் கெடுகிறது, நெஞ்சுத் தசை இறுகுகிறது. சிலருக்கு இதயத்தின் இடது கீழறையே தற்காலிகமாக ஊதிப்போகும், ஹார்ட் அட்டாக் மாதிரியே இருக்கும். 1990இல் ஜப்பான் டாக்டர்கள் அதற்கு 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். அங்கே ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயர் அது, ஊதிய இதயம் அந்த வடிவத்தில் இருக்குமாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, பெரும்பாலோருக்கு சில வாரங்களில் சரியாகிவிடும். உனக்கு அது என்று சொல்லவில்லை. மனசு நொந்தால் நெஞ்சு நிஜமாகவே வலிக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். வலி மறுபடி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம் நேரில் காட்டு. ஒரு ஈ.சி.ஜி.யோடு விட்டுவிடாதே.

அந்தப் பாட்டி கேட்டதையே நானும் கேட்கிறேன், சாப்பிட்டாயா? தயிர்ச்சோறாவது நேரத்துக்குப் போக வேண்டும்.

நேரடியாகவே ஒன்று கேட்கிறேன். செத்துவிடலாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா? தோன்றினால் 14416க்குப் போன் செய். அரசாங்கத்தின் டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தோன்றாவிட்டாலும் பேசலாம்.

குமாஸ்தா:

பண விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஈரோட்டில் வக்கீல் ஆபீஸில் வேலை செய்கிறேன். தாராளமாகக் கேளுங்கள். அன்பாகக் கொடுத்த வாட்ச் வேறு, கடனாகக் கொடுத்த 60,000 வேறு. கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும், காலவரையறைச் சட்டம் அப்படித்தான். கெடு முடிவதற்குள் அவர் "தர வேண்டியிருக்கு" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டால், அந்தத் தேதியிலிருந்து 3 வருஷம் புதிதாக ஓடும். அதனால் போனில் கேட்காதீர்கள், மெசேஜில் கேளுங்கள். பணம் போன பேங்க் ஸ்டேட்மெண்டை இப்போதே எடுத்து வையுங்கள். கோபத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், கடனைப் பற்றிய பேச்சு அதில்தான் இருக்கும். தினமும் பார்க்கக் கஷ்டமாக இருந்தால் ஆர்க்கைவில் போடுங்கள்.

ஐந்து வருஷத்துக்கு யாரும் விலை பேசவில்லை. அது நீங்கள் உழைத்துக் கட்டிய சீட்டு.

கொள்ளிடக்கரை:

பதில் எழுதின எல்லோருக்கும் நன்றி. கண்டக்டர் ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதே அப்போதுதான். திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, சித்திரை வீதி சுத்திட்டு வரலாம்" என்றார். இப்போது பத்து நாளாக ஏழரைக்குக் கிளம்புகிறோம். நாலு வீதியும் சுற்றிவர எங்கள் நடைக்கு முக்கால் மணி ஆகிறது. அம்மா பாதி தூரம் தன் முழங்கால் வலியைப் பற்றியே பேசுவார், மீதி தூரம் கத்தரிக்காய் விலை. எனக்கு அது போதுமாக இருக்கிறது. போனை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். முதல் நாலு நாள் வடக்குச் சித்திரை வீதி வரும்போது அழுதேன், அம்மா கண்டுகொள்ளாதது மாதிரி பூக்கடையில் பேரம் பேசினார்.

அக்கா, சாக வேண்டும் என்று தோன்றவில்லை. எழுந்திருக்க வேண்டாம் என்று சில காலை தோன்றியது. 14416ஐ ஒரு முறை கூப்பிட்டேன். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் கேட்டார்.

பணத்தை மெசேஜில் கேட்டேன். இரண்டு நாள் கழித்து, "தரேன், மூணு மாசம் டைம் குடு" என்று வந்தது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. அன்றைக்கு இரவு மட்டும் தூக்கமே இல்லை.

இன்று காலை பாட்டி மறுபடி ஐ.என்.ஆர். பார்க்க வந்தார். கை நீட்டியவர் கண்ணை மூடிக்கொண்டார், போன தடவை நினைப்பு. நீல மூடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு எடுத்தேன். பஞ்சை வைத்து அழுத்தினபோது, "அதுக்குள்ள ஆயிடுச்சா?" என்று கண்ணைத் திறந்தார்.