ஃப்ளூ ஊசிக்குப் பின் தோள்வலி: அமெரிக்காவில் சமரசத் தொகைக்குக் கையெழுத்துப் போடுமுன் என்ன பார்க்கணும்?

மேப்பிள்தெரு: மனுதாரர் என் அக்கா. ஃப்ளூ ஊசி, இடது தோள், 'சர்வா' (ஊசி போட்டதால் வரும் தோள் காயம்). அரசின் தடுப்பூசிக் காய இழப்பீட்டுத் திட்டத்தில், ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் மனு இருக்கு. சுகாதாரத் துறை பொறுப்பை ஒத்துக்கலை. ஆனா அரசுத் தரப்பில் வாதாடும் நீதித்துறை வக்கீல் 55,000 டாலருக்கு முடிச்சுக்கலாம்னு சொல்றார். ஆபரேஷன் இல்லை, ஒரு கார்டிசோன் ஊசியும் பிசியோதெரபியும்தான். சம்மதிக்கலாமா? நம்ம வக்கீல் மூணில் ஒரு பங்கு எடுத்துடுவாரா?

கோப்புக்கட்டு: எடுக்க முடியாது. இந்தத் திட்டத்தில் வக்கீல் கட்டணம் தனியாக, தடுப்பூசி நிதியிலிருந்தே வரும். பங்கு கேட்பதைச் சட்டமே தடுக்கிறது. தோற்றாலும், நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட வழக்கென்றால் கட்டணம் கிடைக்கலாம்.

தொகைக்கு வருவோம். நான்காம் விதி அறிக்கையில் (மனுவுக்கு அரசுத் தரப்பு தரும் பதில்) மறுப்புக்கு என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள்? சர்வாவுக்கு வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்கணும், ஊசி போட்ட தோளோடு நிற்கணும், பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கணும்.

மேப்பிள்தெரு: 48 மணி நேரம்தான் சிக்கல், சார். இரண்டரை மாதம் கழிச்சுத்தான் டாக்டரைப் பார்த்தாங்க. அவர் குறிப்பில் "சில வாரங்களாக வலி"ன்னு மட்டும் இருக்கு.

கோப்புக்கட்டு: தொகை இறங்கியது அதனால்தான். பிசியோதெரபியில் முதல் நாள் அக்கா கைப்பட நிரப்பிய படிவத்தை எடுங்க. 'வலி தொடங்கிய தேதி' கட்டத்தில் "ஃப்ளூ ஊசி அன்று" என்று இருந்தால் அது பெரிய பலம். அந்த வாரம் வீட்டாருக்கு அனுப்பிய மெசேஜும் சேரும். தாமதமாக டாக்டரிடம் போனது மட்டுமே வழக்கைக் கவிழ்த்துவிடாது. போனபோதெல்லாம் ஊசியையே காரணமாகச் சொன்னாரா என்று சிறப்பு மாஸ்டர் (இந்த வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) பார்ப்பார். படிவம் காலியாக இருந்தால் இந்தத் தொகையை உதறுவது சூதாட்டம், ஏன்னா இழப்பீட்டுக்குத் தகுதி உண்டா என்ற கட்டத்திலேயே தோற்றால் பூஜ்யம்.

வரவுசெலவு: கையெழுத்துக்கு முன் நாலு விஷயம், அண்ணா. இந்தப் பணம் எல்லா நஷ்டத்துக்கும் சேர்த்து ஒரே தொகை. பிறகு ஆபரேஷன் வந்தாலும் திரும்பக் கேட்க முடியாது. அதனால் எலும்பு டாக்டரிடம் ஆபரேஷன் தேவைப்படுமா என்று எழுத்தில் வாங்குங்க. இன்சூரன்ஸ் கட்டியதை மறுபடி கேட்க முடியாது. கோ-பே, டிடக்டிபிள் என்று நீங்க கையிலிருந்து கட்டிய ரசீதுகள் மட்டும் செல்லும். மெடிகெய்டில் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சிகிச்சை நடந்திருந்தா அது வேற கதை: சிகிச்சைக்குக் கட்டியதில் மாநிலத்துக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கியை முதலிலேயே எழுத்தில் வாங்கி, ஒப்பந்தத்தில் தனிக் காசோலையாகப் போடச் சொல்லுங்க. கடைசியாக விட்டால் அதுவே மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். சம்பள இழப்புக்கு W-2 படிவமும் (வருடாந்தரச் சம்பளக் கணக்கு) முதலாளி கடிதமும் வேணும்.

வலி, வேதனைக்கான உச்சவரம்பு 2,50,000 டாலர். 1986 சட்டத்தில் வைத்தது, இன்றுவரை ஏற்றவே இல்லை.

மேப்பிள்தெரு: தீர்ப்பில் அக்கா பேர் வெளியே வருமா?

கோப்புக்கட்டு: கோர்ட் இணையதளத்தில் ஏறும். மருத்துவ விவரத்தை மறைக்கணும்னா தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் மனு போடணும். மேல்முறையீடு இல்லை என்று இரு தரப்பும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், மேல்முறையீட்டுக்கான 30 நாள் காத்திருப்பு மிச்சம்.

புதுவரவு: கோவிட் ஊசிக்கும் இதே வழியா?

வரவுசெலவு: இல்லை. அது சிஐசிபி (CICP) என்கிற வேறு அரசு இழப்பீட்டுத் திட்டம். ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பம், கோர்ட் கிடையாது, வக்கீல் செலவு உங்கள் கையில், வலிக்கென்று பணமும் இல்லை.