பத்திரத்துல "எக்ஸிகியூட்"னா கையெழுத்து போட்டதா, ரிஜிஸ்டர் ஆனதா?

வெண்ணாத்தங்கரை:
வணக்கம் மக்களே, நமக்கு மன்னார்குடி பக்கம். அப்பா பேர்ல இருக்குற 6 மா (சுமார் 2 ஏக்கர்) நிலத்தை வச்சு பேங்க்ல லோன் கேட்டிருக்கோம், அவங்க வக்கீல் கொடுத்த லீகல் ஒப்பீனியன் முழுக்க இங்கிலீஷ். அதுல ஒரு வார்த்தை மண்டையைக் குடையுது. அப்பாயி அப்பாவுக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மென்ட் 14.3.2003ல "எக்ஸிகியூட்" ஆச்சுன்னு இருக்கு, ஆனா ரிஜிஸ்டர் ஆபீஸ் போனது ஜூன்லதான், முத்திரையிலயும் 2.6.2003னுதான் இருக்கு. ரெண்டு பக்கம் தள்ளிப் பார்த்தா, வாய்க்கால் தகராறுல 2011ல அப்பாவுக்கு கிடைச்ச டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) இன்னும் "எக்ஸிகியூட்" ஆகலைன்னு போட்டிருக்காரு. ஜட்ஜ் கையெழுத்து போடாம விட்டிருப்பாருன்னு மச்சான் சொல்றாரு. டிக்‌ஷனரி பார்த்தா தூக்குல போடறதுன்னு வருது 😄

சிரிச்சாலும் விஷயம் சீரியஸ். அதே நிலத்துல 1 மாவை அப்பாயி சின்ன அத்தைக்கும் 21.4.2003ல எழுதி அன்னைக்கே ரிஜிஸ்டர் ஆயிருக்கு, ஈசி (வில்லங்கச் சான்று) போட்டப்பதான் தெரிஞ்சுது. முதல்ல ரிஜிஸ்டர் ஆனதுதான் செல்லும்னு ஊர்ல சொல்றாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏடிடி43:
எக்ஸிகியூட்னா ரிஜிஸ்டர் ஆகி முடிஞ்சதுன்னுதான் ப்ரோ அர்த்தம், எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தேதி டைப் அடிச்சதுல தப்பா விழுந்திருக்கும், மாத்திக் கேளுங்க.

குடமுருட்டி:
மேல சொன்னவர் தம்பிதான், கோவிச்சுக்க வேணாம், ஆனா அது தப்பு. நான் கும்பகோணம் பக்கம் பத்திரம் எழுதறவன். தேதி டைப் தப்பெல்லாம் இல்ல.

உங்க ஈசியை எடுத்துப் பாருங்க, தேதிக் கட்டத்துல எழுதிக் கொடுத்த நாள், தாக்கல் செஞ்ச நாள், பதிவு நாள்னு மூணு இருக்கும். அந்த முதல் நாள்தான் எக்ஸிகியூட் பண்ண நாள், அப்பாயி கையெழுத்தோ கைநாட்டோ வச்ச நாள். பத்திரத்தோட பின்பக்கம் திருப்புங்க, "எழுதிக் கொடுத்ததாக ஒப்புக்கொண்டவர்"னு போட்டு அப்பாயியோட இடது பெருவிரல் ரேகை இருக்கும், கீழ "இன்னாரென்று நிரூபித்தவர்கள்"னு ரெண்டு பேர் கையெழுத்து. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நடந்தது அவ்வளவுதான், நான்தான் இதை முன்னாடியே எழுதிக் கொடுத்தேன்னு அவங்க வந்து ஒப்புக்கிட்டது. ஆபீஸர் எக்ஸிகியூட் பண்றதில்ல, பதிவு பண்றாரு.

எழுதிக் கொடுத்த நாள்ல இருந்து 4 மாசத்துக்குள்ள தாக்கல் பண்ணிடணும், பதிவுச் சட்டம் 23வது பிரிவு. தவிர்க்க முடியாத காரணம்னா இன்னொரு 4 மாசம் வரைக்கும் அபராதத்தோட எடுப்பாங்க, பதிவுக் கட்டணத்துல 10 மடங்கு வரை போகலாம். உங்களோடது மார்ச் 14, ஜூன் 2, கெடுவுக்குள்ளதான் இருக்கு. இப்பல்லாம் ஆன்லைன்ல டோக்கன் போட்டு கையெழுத்தும் பதிவும் ஒரே நாள்ல முடியறதால சின்னப் பசங்களுக்கு இந்த வித்தியாசமே தெரியாமப் போச்சு. அப்ப ஸ்டாம்ப் பேப்பர் வாங்கி எழுதி கையெழுத்தாகி பீரோவுல தூங்கும், அறுப்புக் காசு வந்தப்புறம்தான் ரிஜிஸ்டருக்குக் கிளம்புவாங்க.

இன்னொண்ணு, வெறும் கையெழுத்து எக்ஸிகியூட் ஆகாது. வட்டிக்கு வாங்கறவன்கிட்ட வெத்து ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்து வாங்கி அப்புறம் கிரயம்னு நிரப்பிக்கிற கொடுமை நம்ம பக்கம் தெரிஞ்சதுதானே. கையெழுத்து என்னோடதுதான், ஆனா இந்தப் பத்திரம் நான் எழுதிக் கொடுக்கலைன்னு ஆபீஸர் முன்னாடி சொன்னா அது எக்ஸிகியூஷனை மறுத்ததாதான் அர்த்தம், 35வது பிரிவுல அவர் பதிவு பண்ண மறுக்கணும். என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு, சம்மதிச்சு, தன் செயலா கையெழுத்து வைக்கணும். அதனாலதான் படிக்கத் தெரியாதவங்களுக்குப் படிச்சுக் காட்டினோம்னு கடைசியில ஒரு வரி எழுதறோம்.

மேலக்கோர்ட்டு ஜூனியர்:
ஐயா சொன்னது கரெக்ட். அத்தை விஷயத்துக்கு நான் வரேன், தஞ்சாவூர்ல ப்ராக்டிஸ் பண்றேன்.

முதல்ல ரிஜிஸ்டர் ஆனது ஜெயிக்கும்ங்கறது ஊர்ப் பேச்சு. 47வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, பதிவான பத்திரம் பதிவு நாள்ல இருந்து இல்ல, பதிவே தேவையில்லன்னு இருந்திருந்தா எப்ப அமலுக்கு வந்திருக்குமோ அப்பல இருந்து அமல், அதாவது பொதுவா எழுதிக் கொடுத்த நாள்ல இருந்து. ஜூன் 2ல பதிவானதும் அப்பாவோட பத்திரம் பின்னாடி போய் மார்ச் 14ல உக்காந்துக்கும். ஏப்ரல் 21ல அப்பாயி கையில அந்த 1 மா இருந்துச்சான்னுதான் கோர்ட் பார்க்கும். செட்டில்மென்ட் தானம் மாதிரிங்கறதால அப்பா அதை ஏத்துக்கிட்டதுக்கு ஆதாரம் வேணும், பத்திரத்தைக் கையில வாங்கினது, சாகுபடி பண்ணது, கிஸ்தி கட்டின ரசீது, இதெல்லாம். 1920கள்ல ப்ரிவி கவுன்சில் (அப்ப லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட்) வரைக்கும் போன மெட்ராஸ் கேஸ் ஒண்ணு இருக்கு, தானப் பத்திரம் எழுதி கையிலயும் கொடுத்துட்டு, அது பதிவாகறதுக்குள்ள ஒருத்தர் தத்து எடுத்துட்டாரு, தத்து வந்ததால தானம் போயிடாதுன்னு தீர்ப்பு. அத்தை பக்கம் அந்த மார்ச் தேதியே முன்தேதி போட்டதுன்னு கிளப்பலாம், அப்ப சாட்சி கையெழுத்து போட்டவங்க யாராவது உயிரோட இருந்தா அவங்கதான் உங்களுக்குத் தெய்வம். பழைய பத்திரத்துல ஸ்டாம்ப் பேப்பர் வாங்கின தேதியும் வெண்டர் சீலும் பின்னாடி இருக்கும், அதையும் பாருங்க.

இப்ப டிகிரி. மச்சானுக்கு சொல்லுங்க, ஜட்ஜ் டிகிரியை பாஸ் பண்ணுவாரு, எக்ஸிகியூட் பண்றதில்ல. ஜெயிச்சவர் இ.பி. (எக்ஸிகியூஷன் பெட்டிஷன், அதாவது நிறைவேத்தித் தரச் சொல்லி மனு) போட்டு, கோர்ட் மூலமா அதை நடத்தி வாங்கறதுதான் டிகிரி எக்ஸிகியூஷன், அமீனா வந்து நிலத்தை ஒப்படைக்கிறது, ஜப்தி பண்றது எல்லாம் அந்த வகையறா. பத்திரத்துல எழுதிக் கொடுக்குறவர் எக்ஸிகியூட் பண்றாரு, டிகிரியில ஜெயிச்சவருக்காக கோர்ட் பண்ணுது. தூக்கு தண்டனைக்கு அதே வார்த்தை வரதும் இதே கணக்குதான், நிறைவேத்தறது தண்டனையை, அப்புறம் பேச்சு வழக்குல ஆளுக்கே ஒட்டிக்கிச்சு. உயில்ல வர எக்ஸிகியூட்டர் மட்டும் வேற ஆளு, உயில் எழுதினவர் போனப்புறம் அதுல உள்ளபடி செஞ்சு முடிக்கறவர், பல பேர் அவரை உயில் எழுதினவர்னே நினைச்சுக்கறாங்க.

உங்க 2011 டிகிரி என்ன வகை? அதைச் சொல்லாம பேச முடியாது.

சிங்கப்பூர் மாப்ள:
நடுவுல வரேன் மன்னிச்சுக்குங்க, நான் திருத்துறைப்பூண்டி, இங்க கப்பல் பட்டறையில வேலை. ஊர்ல பாகப்பிரிவினைக்காக தம்பிக்கு பவர் (எனக்குப் பதிலா செய்ய அதிகாரப் பத்திரம்) எழுதி இங்கயே கையெழுத்து போட்டு அனுப்பினா அந்த 4 மாசம் எப்பல இருந்து?

குடமுருட்டி:
மாப்ள, வெளிநாட்டுல எழுதிக் கொடுத்ததை 4 மாசம் தாண்டிக் கொண்டு வந்தாலும், இந்தியா வந்து சேர்ந்து 4 மாசத்துக்குள்ளன்னா பதிவுக்கு ஏத்துக்கலாம், 26வது பிரிவு. ஆனா பவருக்கு முதல்ல ஸ்டாம்ப், இங்க வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள கட்டிடணும். அங்க நம்ம ஹைகமிஷன்லயோ நோட்டரிகிட்டயோ போய் அவங்க முன்னாடியே கையெழுத்து போடுங்க, ரூம்ல போட்டு எடுத்துட்டுப் போகாதீங்க. தபால் கவரை தூக்கிப் போட வேணாம்னு தம்பிகிட்ட சொல்லிடுங்க, வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி வக்கீல் சார். ஸ்டாம்ப் பேப்பர் பின்னாடி பார்த்துட்டேன், 11.3.2003 வெண்டர் சீல் இருக்கு. சாட்சி ஒருத்தர் இல்ல, இன்னொருத்தர் நீடாமங்கலத்துல மகள் வீட்டுல இருக்காரு. டிகிரி நிரந்தர இஞ்சங்ஷன் (தடை உத்தரவு) சார், எதிராளி வாய்க்காலை அடைக்கக் கூடாதுன்னு. 12 வருஷம் தாண்டிட்டா டிகிரி செத்துடும்னு ஒருத்தர் பயமுறுத்துறாரு.

மேலக்கோர்ட்டு ஜூனியர்:
12 வருஷம் பொதுவான டிகிரிக்கு, லிமிடேஷன் (காலவரம்பு) சட்டம் 136வது ஆர்ட்டிகிள். அதுலயே நிரந்தர இஞ்சங்ஷனுக்கு காலக்கெடு இல்லைன்னு விலக்கு இருக்கு. இடிச்சுக் கொடு, எடுத்துக் கொடுன்னு செய்யச் சொல்ற இஞ்சங்ஷனா இருந்தாதான் 3 வருஷம், அது 135. டிகிரி நகல்ல ரெண்டும் சேர்ந்து இருக்கான்னு ஒரு தடவை பாருங்க.

அப்புறம், அடைக்கக் கூடாதுன்னு டிகிரி, அவரும் அடைக்கலைன்னா எக்ஸிகியூட் பண்ண என்ன இருக்கு? கீழ்ப்படிஞ்சு நடக்குதுன்னுதான் அர்த்தம். பேங்க் வக்கீல் அதைக் குறையா எழுதியிருந்தா இதைச் சொல்லி ஒரு வரி மாத்தித் தரச் சொல்லுங்க.

வெண்ணாத்தங்கரை:
அடைக்கலைன்னு சொல்ல முடியாது சார். போன சம்பாவுல மடை வாயில மணல் மூட்டை போட்டு நாலு நாள் தண்ணி விடாம வச்சிருந்தாங்க, அப்பா ஆள் விட்டு எடுத்தாரு.

மேலக்கோர்ட்டு ஜூனியர்:
அப்ப அடுத்த தடவை ஆள் விட்டு எடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, தேதி தெரியற மாதிரி. விஏஓ கிட்ட எழுத்துல ஒரு மனு கொடுத்து நகல்ல கையெழுத்து வாங்கி வச்சுக்குங்க. சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 21 ரூல் 32ல இ.பி. போடலாம், டிகிரி தெரிஞ்சும் வேணும்னே மீறினவருக்கு சிவில் ஜெயில், சொத்து ஜப்தி ரெண்டும் உண்டு.