போர்த்துக்கேயர் ஏன் 1975 வரை ஆபிரிக்காவில் இருந்தார்கள்?

கல்லடி மாணவி:
உயர்தர வரலாறு படிக்கிறேன். கானா 1957இல் விடுதலை பெற்றது. 1960இல் மட்டும் 17 நாடுகள். அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975 வரை ஏன் காத்திருக்க வேண்டி வந்தது? மட்டக்களப்புக் கோட்டையை முதலில் கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 1628இல். 1638இல் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். இங்கே பத்து வருடத்தில் கோட்டையை விட்டவர்கள், அங்கே மிகவும் பிந்தித்தான் போயிருக்கிறார்கள். ரியூசனில் கேட்டால் "சோதனைக்கு வராது" என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

கல்முனை வாசகன்:
தங்கச்சி, பிரித்தானியாவும் பிரான்சும் ஆட்சியைக் கொடுத்தாலும் வியாபாரம் கையில் இருக்கும் என்று கணக்குப் போட்டன. போர்த்துக்கலுக்கு அந்தத் தெம்பு இல்லை, ஏழை நாடு. அங்கோலாக் கோப்பியும், மொசாம்பிக் விவசாயிகளை வற்புறுத்தி நடவைத்த பருத்தியும் அதற்குத் தேவைப்பட்டன. 1951இல் போர்த்துக்கல்லின் சர்வாதிகாரி சலசார் குடியேற்ற நாடுகளுக்குக் 'கடல்கடந்த மாகாணங்கள்' என்று பெயர் மாற்றினார். சொந்த மாகாணத்துக்கு என்ன விடுதலை என்பது வாதம். கோவாவுக்கும் அதே கதைதான். 1961 டிசம்பரில் இந்தியப் படை உள்ளே போய்விட்டது.

ஆரையம்பதி ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிள்ளை, நல்ல கேள்வி. சோதனைக்கு வராவிட்டாலும் விடாதே.

அங்கோலாவில் 1961, கினி-பிசாவுவில் 1963, மொசாம்பிக்கில் 1964 என்று போர் தொடங்கியது. ஒரு சின்ன நாடு மூன்று முனையில் பதின்மூன்று வருடம் சண்டை பிடித்தது. கட்டாய இராணுவ சேவைக்குப் பயந்து இளைஞர்கள் பிரான்சுக்குத் தப்பி ஓடினார்கள். அதிகாரிகள் போதவில்லை. 1973இல், குறுகிய பயிற்சி பெற்றவர்களையும் நிரந்தரப் பதவிக்கு எடுக்கச் சட்டம் வந்தது. நிரந்தரக் கப்டன்களுக்குக் கோபம். பதவி உயர்வுக்காகக் கூடியவர்கள், பேசப் பேச, இந்தப் போரே வெல்ல முடியாதது என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். 1974 ஏப்ரல் 25 அதிகாலை தலைநகர் லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்க்க அவர்களுடைய கவச வாகனங்கள் இறங்கின. உணவகத்தில் வேலைசெய்த ஒரு பெண்ணிடம் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டான். அவரிடம் சிகரெட் இல்லை, கையில் இருந்த கார்னேஷன் பூவைக் கொடுத்தார். அவன் அதைத் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டான்.

அதாவது ஆபிரிக்கர்கள் காட்டில் நின்று பிடித்த சண்டைதான் லிஸ்பனில் சர்வாதிகாரத்தைச் சாய்த்தது. போர்த்துக்கேய மக்களுக்கும் அன்றுதான் விடிந்தது. அடுத்த வருடம் அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன. பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு இன்றும் மனவருத்தம்.

கல்லடி மாணவி:
நன்றி சேர். அப்படியென்றால் கினி-பிசாவு லிஸ்பன் மாறும் வரை காத்திருந்ததா?

ஆரையம்பதி ஓய்வுபெற்ற ஆசிரியர்:
இல்லை மகள். 1973 செப்டெம்பர் 24ஆம் திகதியே தாங்களாக விடுதலையை அறிவித்துவிட்டார்கள். அமில்கார் கப்ரால் அங்கே ஊர் ஊராகப் போய்ப் பயிர்க் கணக்கெடுத்த விவசாய அதிகாரி. எந்த ஊரில் என்ன விளையும், யார் பசியோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு விடுதலை இயக்கம் கட்டினார். அந்த அறிவிப்பைக் கேட்க அவர் இல்லை. எட்டு மாதம் முந்தி, ஜனவரியில், அயல்நாடான கினியின் தலைநகர் கொனாக்ரியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.