ஹெச்டி கேம்கார்டர்: கோப்பு துண்டு துண்டாக வருகிறது, வீட்டுக்குள் படம் துடிக்கிறது. சரிசெய்யலாமா, புதிது வாங்கலாமா?

தூறல்

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பெரியப்பா பையன், அவர் பயன்படுத்திய ஹெச்டி கேம்கார்டரை என்னிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்சம் பழசு, ஆனால் கீறல் இல்லாமல் இருக்கிறது. மெமரி கார்டில் பதிவாகும் வகை. பக்கவாட்டில் ஏவிசிஹெச்டி (வீடியோ பதிவு முறையின் பெயர்), 1080 என்று போட்டிருக்கிறது. பிள்ளைகள் வளர்வதை எடுத்து வைக்கத்தான் எனக்கு வேண்டும். மகளின் பள்ளி நாடகமும் வருகிறது, அது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

சோதனைக்காக வீட்டில் எடுத்துப் பார்த்ததில் மூன்று தொல்லைகள்:

ஒன்று, நீளமாக எடுத்த ஒரே காட்சி கணினியில் 00000, 00001, 00002 என்று தனித்தனி எம்டிஎஸ் கோப்புகளாக வருகிறது. கடைசியைத் தவிர ஒவ்வொன்றும் சரியாக 2 ஜிபி. எடிட்டிங் மென்பொருளில் வரிசையாக வைத்து ஓட்டினால் இணைப்பில் ஒரு 'டக்', சத்தம் அரை நொடி செத்துப்போகிறது. பேச்சின் நடுவே வந்தால் ஒரு சொல்லே காணாமல் போகிறது.

இரண்டு, யாராவது வேகமாக நடந்தால் உடம்பின் ஓரங்களில் சீப்புப் பல் மாதிரி கோடுகள்.

மூன்று, பகலில் வெளியே எடுத்தால் அருமையாக இருக்கிறது. இரவில் வீட்டுக்குள் எடுத்தால் சுவரின் வெளிச்சம் படபடவென்று துடிக்கிறது. கண்ணுக்கு விளக்கு சாதாரணமாகத்தான் எரிகிறது.

இதை வைத்து மல்லுக்கட்டலாமா, இல்லை புதிது வாங்குவதுதான் புத்திசாலித்தனமா?

தேன்சிட்டு

ஏன் இந்தப் பாடு? இப்போது வரும் போன்களே 4கே எடுக்கின்றன. எடுத்த உடனே அனுப்பலாம், கோப்பை ஒட்டும் வேலை கிடையாது. பழைய கேம்கார்டரை அலமாரியில் வைத்துவிட்டுப் போனையே பயன்படுத்துங்கள்.

நடைவண்டி

தேன்சிட்டு சொல்வது பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் சரி. அரங்கின் பின் வரிசையில் உட்கார்ந்து மேடையை எடுக்க வேண்டுமென்றால் போன் கையை விரித்துவிடும். விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது பெரும்பாலும் நடப்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி ஊதுவதுதான். கேம்கார்டரில் கண்ணாடிகளே நகர்ந்து 10, 20 மடங்கு கிட்டே கொண்டுவரும், தெளிவு குறையாது. அப்புறம், ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஓடுவதற்கென்றே செய்த கருவி அது. நடுவில் அழைப்பு வராது. பழைய போட்டோ கேமராக்களில் பல, 29 நிமிடம் 59 நொடியில் தானாகவே நின்றுவிடும். கேம்கார்டரில் அந்தத் தடை இல்லை.

அதனால் தூக்கிப்போட வேண்டாம். உங்கள் முதல் தொல்லைக்கு வருகிறேன்.

கார்டு ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதற்காகக் கேமராவே காட்சியை வெட்டி வெட்டி எழுதும். சில கேமராக்கள் 4 ஜிபியில் வெட்டும், உங்களுடையது 2 ஜிபியில். உயர்ந்த தரத்தில், அதாவது நொடிக்கு 24 மெகாபிட்டில், 2 ஜிபி என்பது ஏறத்தாழ 12 நிமிடம். உங்கள் துண்டுகளின் நீளத்தைப் பாருங்கள், அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வெட்டு விழும் இடத்தைக் கேமரா நறுக்கென்று முடிப்பதில்லை. ஓடும் தண்ணீரைக் குடம் மாற்றிப் பிடிப்பது போல, முதல் கோப்பின் கடைசி ஒலித்துணுக்கு பாதியில் நின்று, மிச்சம் அடுத்த கோப்பின் தொடக்கத்தில் கிடக்கும். தனித்தனியாக எடிட்டரில் போட்டால், அந்த அரைகுறைத் துணுக்குகள் இரண்டையும் அது தள்ளிவிடும். நீங்கள் கேட்கும் 'டக்' அதுதான். பதிவில் பழுது இல்லை, ஒரு சொல்லும் தொலையவில்லை.

செய்ய வேண்டியது: எடிட்டருக்குப் போகும் முன்பே துண்டுகளை ஒட்டிவிடுங்கள். கேமரா தயாரிப்பாளர் தந்த மென்பொருள் வழியாக இறக்கினால் அதுவே ஒட்டிக் கொடுக்கும். அது இல்லையென்றால் டிஎஸ்மக்ஸர் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. முதல் கோப்பை 'ஆட்' கொடுத்துச் சேர்த்துவிட்டு, மற்றவற்றை வரிசை மாறாமல் 'ஜாயின்' கொடுத்துச் சேர்க்க வேண்டும். மறுபடியும் 'ஆட்' கொடுத்தால் தனித் தடமாகப் போய் உட்கார்ந்துவிடும், கவனம். இது படத்தை மறுபடி சுருக்குவதில்லை, அப்படியே ஒட்டுகிறது. அதனால் தரம் துளியும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும்.

இன்னொன்று. கார்டிலிருந்து எம்டிஎஸ் கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். 'பிரைவேட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஏவிசிஹெச்டி, அதற்குள் பிடிஎம்வி, அதற்குள் 'ஸ்ட்ரீம்' என்று போகும். மேலே இருக்கும் அந்த ஃபோல்டரையே முழுசாக, தேதி போட்ட ஒரு ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். எந்தத் துண்டு எதோடு சேரும் என்ற விவரம் பக்கத்து ஃபோல்டர்களில் இருக்கிறது, தயாரிப்பாளரின் மென்பொருளுக்கு அது வேண்டும். மேக் கணினியில் இதெல்லாம் ஒற்றைக் கோப்பாகத் தெரியும். அதை அப்படியே காப்பி செய்தால் போதும்.

மின்மினி

சீப்புப் பல் கோடு எளிது. 1080ஐ என்பதில் அந்த 'ஐ' இன்டர்லேஸ். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில் என்று மாற்றி மாற்றிப் பதிவாகும். நடக்கும் ஆள் அந்த இடைவெளியில் நகர்ந்துவிடுவார், இரண்டையும் ஒரே படமாகக் காட்டும்போது ஓரம் பிய்ந்து தெரியும். டிவியில் போட்டால் அதுவே சரிசெய்துகொள்ளும். கணினியில் வி.எல்.சி. என்ற இலவச பிளேயரில் டீஇன்டர்லேஸ் என்பதை 'ஆன்' செய்துவிட்டு முறையை 'யாடிஃப் 2எக்ஸ்' என்று வையுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை மாற்றும்போது 'பாப்' சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் அசைவு வழவழப்பாக இருக்கும்.

கேமராவின் மெனுவில் 'பி' என்று முடியும் முறை இருக்கிறதா என்று பாருங்கள், 50பி அல்லது 60பி. அதில் எல்லா வரிகளும் ஒரே கணத்தில் பதிவாகும். 2011இல் ஏவிசிஹெச்டி 2.0 வந்த பிறகான கேமராக்கள் பலவற்றில் உண்டு. இருந்தால் அதிலேயே எடுங்கள், இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

மூன்றாவதுக்கு ஒரு கேள்வி: மெனுவில் தரம் காட்டும் இடத்தில் 50ஐ என்று இருக்கிறதா, 60ஐ என்று இருக்கிறதா? உங்கள் வீட்டு மின்சாரம் எத்தனை ஹெர்ட்ஸ்?

தூறல்

நடைவண்டி அண்ணா, டிஎஸ்மக்ஸரில் ஒட்டிப் பார்த்தேன். இணைப்பு எங்கே என்று தேடினாலும் காதுக்குக் கிடைக்கவில்லை! ரொம்ப நன்றி.

மின்மினி, மெனுவில் 60ஐ, 60பி இரண்டும் இருக்கின்றன. 50 எங்கேயும் இல்லை. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

மின்மினி

அப்படியானால் ஆள் பிடிபட்டார்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும், நம் கண் அதைப் பிடிக்காது. உங்கள் கேமரா 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்தது. ஆட்டோவில் விட்டால் ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரத்தை, பெரும்பாலும் 1/60 நொடியில் வைக்கும். ஒவ்வொரு படத்துக்கும் விளக்குத் துடிப்பு ஒன்றேமுக்காலுக்குச் சற்றுக் குறைவாக மாட்டும், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பகுதி. ஒன்றில் வெளிச்சம் கூட, அடுத்ததில் கம்மி. வெயிலில் இந்த வம்பு இல்லை.

மருந்து: ஷட்டரைக் கையால் 1/100இல் வையுங்கள். அப்போது ஒவ்வொரு படத்திலும் சரியாக ஒரு முழுத் துடிப்பு விழும், எந்த இடத்தில் தொடங்கினாலும் மொத்த வெளிச்சம் ஒன்றுதான். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 50 ஹெர்ட்ஸ் கேமராவோடு இருப்பவர்கள் 1/120 அல்லது 1/60 வைக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 1/60இல் வரும் ஒளியில் 60 சதவீதம்தான் 1/100இல் உள்ளே வரும். குறைந்ததைக் கேமரா கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி ஈடுகட்டும், படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தெரியும். இன்னொரு விளக்கைப் போடுங்கள், இல்லை கிட்டே போங்கள். கிட்டே போவது ஏனென்றால், ஜூம் செய்யச் செய்ய இந்தச் சின்ன லென்ஸ்களில் துவாரம் சுருங்கும். அகலமாக வைத்தால் எஃப்1.8 தருவது முழு ஜூமில் எஃப்3.5 பக்கம் போய்விடலாம் (எண் கூடினால் துவாரம் சின்னது), அப்படியானால் ஒளி கால்வாசிதான். 'ஆட்டோ ஸ்லோ ஷட்டர்' என்று ஒன்று மெனுவில் இருந்தால் அணைத்துவிடுங்கள். இருட்டில் படத்தை வெளிச்சமாக்குகிறேன் என்று ஓடும் குழந்தையைப் புகை மாதிரி ஆக்கிவிடும்.

மலிவான எல்இடி விளக்குகளில் சில இந்தக் கணக்குக்கும் அடங்காது. மங்கலாக்கும் ஸ்விட்சில் இருப்பவை இன்னும் மோசம். முழுப் பிரகாசத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் சரிவரவில்லையென்றால் விளக்கைத்தான் மாற்ற வேண்டும்.

தூறல்

1/100 வைத்ததும் துடிப்பு நின்றுவிட்டது! கூடத்தில் கொஞ்சம் மணல் தெரிகிறது, பொறுத்துக்கொள்ளலாம். நாடகம் நடக்கும் அரங்கில் விளக்கு நிறைய இருக்கும்.

சரி, இந்த வருடம் இதிலேயே ஓட்டுகிறேன். பின்னால் புதிது வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? விளம்பரத்தில் '2000 மடங்கு ஜூம்', '24 மெகாபிக்சல்' என்றெல்லாம் போடுகிறார்கள்.

நடைவண்டி

அந்த இரண்டையும் படிக்காமலே தாண்டுங்கள். 2000 மடங்கு என்பது டிஜிட்டல் ஜூம், வெட்டி ஊதும் அதே வேலை. 'ஆப்டிகல்' என்று போட்ட எண் மட்டுமே கணக்கு. மெகாபிக்சலா? முழு ஹெச்டி படம் 1920க்கு 1080, பெருக்கினால் 2 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேல். 4கே கூட 8 சொச்சம்தான்.

நான் முதலில் பார்ப்பது சென்சார் அளவு, அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லின் அளவு. மலிவான கேம்கார்டர்களில் 1/5.8 அங்குலம் மாதிரி கடுகளவு சென்சார் இருக்கும், வெயிலில் நன்றாகவும் இரவில் மணலாகவும் எடுக்கும். 1/2.5 அங்குலம் வந்தால் வித்தியாசம் தெரியும், 1 அங்குலம் என்றால் வேறு உலகம், ஆனால் ஜூம் குறைவாகவும் உடம்பு கனமாகவும் இருக்கும். வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகமென்றால் ஜூமை விட்டுக்கொடுத்துச் சென்சாரை வாங்குங்கள். கை நடுக்கத்தைக் குறைக்க ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் கட்டாயம். மைக் துளை, ஹெட்போன் துளை இரண்டும் இருக்க வேண்டும். உங்கள் ஊர் மின்சாரத்துக்கேற்ற 50 அல்லது 60 முறை இருக்கிறதா என்பதை இனி நான் சொல்ல வேண்டியதில்லை!

4கே வேண்டுமா என்றால், பெரிய டிவி இருந்தால் வாங்குங்கள். நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி போகும், 24 மெகாபிட் ஹெச்டியில் 11 ஜிபிக்குள் முடியும். அதற்கேற்ற ஹார்டு டிஸ்க், கணினி எல்லாம் கேட்கும்.

பனங்கிளி

எல்லாரும் படத்தையே பேசுகிறீர்கள். பிள்ளைகளின் வீடியோவைப் பிற்பாடு போட்டுப் பார்க்கும்போது படம் கொஞ்சம் மங்கினால் யாரும் கண்டுகொள்வதில்லை. குழந்தை என்ன சொன்னது என்று கேட்கவில்லையென்றால்தான் வயிறெரியும்.

கேமராவில் இருக்கும் மைக், அதற்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும். பின் வரிசையில் உட்கார்ந்தால் நாடகத்தை விட முன் சீட்டுக்காரரின் இருமல்தான் தெளிவாக விழும். அது போதாதென்று, ஆட்டோ ஒலி அளவு அமைதியான இடத்தில் இரைச்சலைத் தூக்கிவிடும், கைதட்டல் வந்ததும் அமுக்கிவிடும், அடுத்த வசனத்தின் முதல் சொல் அதில் மாட்டிக்கொள்ளும். கையால் அளவு வைக்க முடிந்தால் வையுங்கள்.

நாடகத்துக்கு நான் செய்வது இதுதான். ஒரு போனையோ சின்ன ஒலிப்பதிவுக் கருவியையோ மேடை ஓரத்தில் ஓடவிட்டுவிடுவேன். இரண்டும் ஓடத் தொடங்கியபின் அதன் பக்கத்தில் நின்று, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி ஒரு தடவை பலமாகக் கைதட்டினால், எடிட்டிங்கில் அந்தக் கைதட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம். ஒரு மணி நேரம் ஓடினால் கடைசியில் லேசாக விலகும், இடைவேளையில் வெட்டி மறுபடி பொருத்தினால் தெரியாது.

ட்ரைபாட் எடுத்துப் போங்கள், அதில் மாட்டியபின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ஜூமை ஓயாமல் முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

தூறல்

பனங்கிளி அக்கா, அந்தக் கைதட்டல் யோசனை பிரமாதம். கடைசியாக ஒன்று: ஒட்டிய கோப்பை எம்பி4 ஆக மாற்றி வைத்துக்கொண்டு மூலத்தை அழிக்கலாமா? அப்புறம் கார்டைக் காலி செய்வது கணினியிலா, கேமராவிலா?

நடைவண்டி

மூலத்தை அழிக்காதீர்கள். தரம் ஒரு பக்கம் இருக்கட்டும், எடுத்த தேதியும் நேரமும் எம்டிஎஸ் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, எம்பி4 ஆக்கும்போது அது பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதற்காகவே கேமராவின் கடிகாரத்தை இப்போதே பாருங்கள், அது இன்னும் உங்கள் அண்ணன் ஊர் நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எம்பி4 சொந்தக்காரர்களுக்கு அனுப்ப, மூலம் இரண்டு தனி ஹார்டு டிஸ்கில்.

கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், அதற்கு வேண்டிய ஃபோல்டர்களை அதுவே போட்டுக்கொள்ளும். ஆனால் காப்பி செய்த கோப்புகளைத் திறந்து, ஒவ்வொன்றையும் கடைசி வரை இழுத்துப் பார்த்த பிறகுதான்.