பெக்கி சூ யாருடைய காதலி?

பெரம்பூர்_பேரன்:
எங்கள் தாத்தா லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்தவர். மூர் மார்க்கெட் எரிந்து போவதற்கு முன்னால் அங்கே பொறுக்கி எடுத்த பழைய இசைத்தட்டுகள் ஒரு டிரங்கு பெட்டி நிறைய வைத்திருக்கிறார். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அதில் அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹோலியின் ‘பெக்கி சூ’ பாட்டு கிடைத்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸ் டான்ஸ் நடக்கும்போது வெளியே சுவரோரம் நின்றே இதை மனப்பாடம் செய்தாராம். “அது அவன் காதலி பேருப்பா, அவளை நினைச்சு உருகிப் பாடினான்” என்கிறார். உண்மையிலேயே அப்படி ஒரு பெண் இருந்தாளா, இல்லை தாத்தா கதை விடுகிறாரா?

ராயபுரம்_ரெக்கார்டு:
பெண் இருந்தது நிஜம் தம்பி. ஆனால் ஹோலியின் காதலி இல்லை, அவர் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜெர்ரி ஆலிசனின் ஆள். பெக்கி சூ ஜெரான் என்று பெயர். பாட்டுக்கு ஹோலி முதலில் வைத்தது ‘சிண்டி லூ’, அக்கா மகளை மனதில் வைத்து. அந்த நேரம் பார்த்து ஆலிசனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் சண்டை, பேச்சுவார்த்தை இல்லை. சமாதானம் ஆக வேண்டும், பாட்டில் அவள் பெயரைப் போடேன் என்று நண்பனைக் கேட்டார், ஹோலியும் மாற்றிவிட்டார். 1957, நியூ மெக்சிகோவில் க்ளோவிஸ் என்கிற சின்ன ஊர், தயாரிப்பாளர் நார்மன் பெட்டியின் ஸ்டுடியோவில் பதிவு. அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது.

வியாசர்பாடி_டோலக்:
இதில் என்ன பெரிய காதல் கதை? எங்கள் பக்கம் கல்யாண வீட்டுக் கானாவில் பொண்ணு மாப்பிள்ளை பெயரைச் செருகிப் பாடுவதில்லையா, அதேதான். எனக்கு அந்த டிரம்ஸ்தான் பாட்டு. ‘பாராடிடில்’ என்பார்கள்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. பழகுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பாடம் அது, அதையே பாட்டு முழுக்க நிறுத்தாமல் ஓட்டியிருக்கிறார். சத்தம் மற்ற மைக்குகளில் எல்லாம் ஏறுகிறது என்று டிரம்ஸை வெளியே வரவேற்பறையில் வைத்துத்தான் பதிவு செய்தார்கள். நார்மன் பெட்டி அந்தச் சத்தத்தை எதிரொலி அறைக்கு விட்டு விட்டு அனுப்பினார், அதனால்தான் அலை மாதிரி வந்து வந்து போகிறது. ஹோலி கிதாரை அடிக்கிற வேகத்தில் கிதாரில் இருக்கும் ஸ்விட்சை மாற்றக்கூட கையை எடுக்க முடியாது, பக்கத்தில் இருந்த குழுக்காரர் நிக்கி சல்லிவன்தான் தட்டிவிட்டார்.

பேசின்பிரிட்ஜ்_பாபு:
சரி, கடைசியில் சேர்ந்தார்களா?

ராயபுரம்_ரெக்கார்டு:
1958இல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அடுத்த மாதமே ஹோலிக்கும் மரியா எலெனாவுக்கும் கல்யாணம், தேனிலவுக்கு இரண்டு ஜோடியும் ஒன்றாகவே மெக்சிகோ போனார்கள். அந்த டிசம்பரில் ‘பெக்கி சூவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது’ என்று தொடர்ச்சியாக ஒரு பாட்டையே எழுதி, நியூயார்க் வீட்டில் டேப்பில் பாடி வைத்தார் ஹோலி. 1959 பிப்ரவரி 3, அவர் போன விமானம் விழுந்தது. இறக்கும்போது 22 வயது. அந்த டேப்புக்கு வேறு ஆட்களை வைத்து வாத்தியம் சேர்த்து அப்புறம் வெளியிட்டார்கள். ஆலிசனும் பெக்கி சூவும் பின்னாளில் பிரிந்துவிட்டார்கள், அது வேறு விஷயம்.

பேரன் தம்பி, தட்டின் லேபிளில் பெயர்களைப் பாருங்கள். முதலில் வந்ததில் பாட்டை எழுதியவர் என்று ஹோலி பெயரே இருக்காது. பிறகுதான் சேர்த்தார்கள்.

பெரம்பூர்_பேரன்:
பார்த்தேன் அண்ணே. ஆலிசன், நார்மன் பெட்டி, அவ்வளவுதான். தாத்தா கண்ணாடியை மாட்டி மூன்று முறை படித்தார், இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லையாம். காதலி விஷயத்தில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வலது இடது கணக்கைச் சொன்னதிலிருந்து சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு முயற்சி செய்கிறார், ஆறாவது அடியிலேயே கை பின்னிக்கொள்கிறது. இப்போதுதான் பாட்டி வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.