ஃபாதர் எமில் கப்பான்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மணப்பாடு எழுதியது:

2021 செப்டம்பர் 29 அன்று, ஃபாதர் கப்பானின் அடக்கத்துக்காக அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் நின்றவர்கள் வேறு யாராவது இங்கே இருக்கிறீர்களா? அன்றைக்கு ஒரு பெரியவர் சொன்னது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதை எழுதிவிடத்தான் வந்தேன்.

அடக்கத் திருப்பலி முடிந்து, கொடி போர்த்திய பெட்டியைக் குதிரை வண்டியில் வைத்துப் பேராலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஆன்ம குருவாக இருந்து, 1951 மே 23 அன்று வடகொரியாவின் பியோக்டோங் கைதிமுகாமில் இறந்தவர். ஹவாயில் அடையாளம் தெரியாத வீரர்களோடு பல ஆண்டுகள் புதைந்து கிடந்தார். அவருடைய எலும்புகள்தான் என்று 2021 மார்ச்சில்தான் உறுதியாயிற்று. சாலையின் இரண்டு பக்கமும் கூட்டம். எனக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு பெரியவர், மெத்தடிஸ்ட் சபைக்காரர். அவருடைய அண்ணன் அதே முகாமிலிருந்து உயிரோடு திரும்பியவராம். முகாமைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டாராம். ஆனால் சாகும்வரை காலையில் எழுந்ததும் ஒரு குவளை வெறும் வெந்நீர்தான் முதலில். ஏன் என்று கேட்டால், "இது ஃபாதர் கொடுத்த காபி" என்பாராம்.

தகரத்தைக் கல்லால் தட்டிப் பாத்திரமாக்கி, விடியும் முன் எழுந்து தண்ணீர் காய்ச்சி, "சூடான காபி" என்று கூவிக்கொண்டே கைதிகளிடம் கொண்டுபோவார், அது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். காய்ச்சாத தண்ணீரைக் குடித்தவர்கள் வயிற்றுக்கடுப்பில் செத்துக்கொண்டிருந்த இடம் அது. ஆனால் கொரியாவில் குடித்த அந்த வெந்நீரை ஒருவர் ஊருக்குத் திரும்பிக் கிழவனாகும்வரை குடித்தார் என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெட்டி எங்களைக் கடக்கும்போது பெரியவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் இன்னொரு பெண்ணும் கையைக் கொடுத்து நிறுத்தினோம்.

என்னைப் பொறுத்தவரை அவர் மறைசாட்சி, விசுவாசத்துக்காக உயிர்விட்டவர். எங்கள் வீட்டில் "புனித எமில் கப்பானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் சொல்கிறோம்.

வடக்கன்குளம் எழுதியது:

மகளைச் சேர்ப்பதற்காக விசிட்டாவில் உள்ள கப்பான் மவுண்ட் கார்மேல் பள்ளிக்குப் போனபோது கைதிமுகாமில் ஃபாதர் நினைவாகச் செய்த பாடுபட்ட சுரூபத்தை, சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலையை, பார்த்தேன். ஜெரால்டு ஃபிங்க் செதுக்கியது. யூதர், மரைன் படை விமானி. ஃபாதர் இறந்த பிறகுதான் அந்த முகாமுக்கு வந்தார், நேரில் பார்த்ததே கிடையாது. மற்ற கைதிகள் ஃபாதரைப் பற்றிப் பேசப் பேசக் கேட்டு, கிடைத்த இரும்புத் துண்டுகளைத் தீட்டிக் கருவியாக்கி, மரத்தில் செதுக்கினார். 1953-ல் விடுதலையானவர்கள் அதைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள்.

மகள் கேட்டாள்: "ஃபாதருக்காகச் செய்தது என்றால் ஃபாதர் முகத்தைத்தானே செதுக்கியிருக்க வேண்டும்? ஏன் இயேசுவைச் செதுக்கினார்?" எங்களை அழைத்துப்போன ஆசிரியையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் பதில் வரவில்லை. ஃபிங்கின் மதமும் அது இல்லை. செத்துப்போன ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு எது பிடிக்கும் என்று யோசித்து, அவர் இடத்தில் நின்று செதுக்கியிருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பசியில், அந்தக் குளிரில்.

மணப்பாடு சகோதரி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மெத்தடிஸ்ட் ஒருவர் எழுந்து நிற்கப் பார்த்தார், யூதர் ஒருவர் செதுக்கினார். கத்தோலிக்கர் அல்லாத எத்தனையோ பழைய கைதிகள் பல ஆண்டுகள் விடாமல் எழுதிக் கேட்டுத்தான் 2013 ஏப்ரலில் அதிபர் ஒபாமா கையால் அமெரிக்காவின் மிக உயரிய வீரப் பதக்கம் வந்தது. இவர்கள் சொன்ன சாட்சி போதாதா? புனிதர் பட்டத்துக்கு ஏன் இவ்வளவு அவசரப்படுகிறோம்?

ஓரியூர் எழுதியது:

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலரும் குழம்புகிறார்கள்.

முதலில், 'புனித கப்பானே' என்று வீட்டில் தனியாக ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பொது வழிபாட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. புனிதருக்கு முந்தைய படியான அருளாளர் ஆகும்வரை அவர் பெயரில் திருப்பலி கிடையாது, படத்தில் ஒளிவட்டம் போடக் கூடாது. புனிதர் பட்டத்துக்கான படிகளில், 1993-ல் அவர் இறை ஊழியர் ஆனார். 2025 பிப்ரவரியில் அடுத்த படியான வணக்கத்துக்குரியவர் ஆனார். இப்போது அங்கேதான் நிற்கிறது.

இரண்டாவது, திருச்சபை அவரை மறைசாட்சி வழியில் எடுக்கவில்லை. விசுவாசத்தின் மேல் இருந்த பகையால்தான் கொன்றார்கள் என்று காட்ட வேண்டும், அது அவ்வளவு எளிதல்ல. 2017-ல் திருத்தந்தை பிரான்சிஸ் புதிதாக ஒரு வழி திறந்தார்: பிறர்மேல் உள்ள அன்பினால், சாவு நிச்சயம் என்று தெரிந்தே உயிரைக் கையளித்தவர்களுக்கானது. ஃபாதர் கப்பான் அந்த வழியில் வருகிறார். 1950 நவம்பரில் வடகொரியாவின் உன்சானில் சுற்றிவளைக்கப்பட்டபோது தப்பிக்க வாய்ப்பு இருந்தும் காயம்பட்டவர்களோடு தங்கினார் அல்லவா, அதுதான் அடிப்படை. மறைசாட்சி என்றால் அருளாளர் பட்டத்துக்குப் புதுமை, அதாவது அவரிடம் மன்றாடி நடந்த அற்புதம், தேவையில்லை. இந்த வழியில் ஒரு புதுமை கட்டாயம் வேண்டும். நீங்கள் மறைசாட்சி என்று சொல்லிக்கொண்டே இருந்தால் புதுமைக்காக மன்றாட வேண்டும் என்பதே ஜனங்களுக்கு மறந்துபோகும்.

வடக்கன்குளம், உங்களுக்கு: பட்டம் அவருக்காக இல்லை, நமக்காக. அந்தக் கைதிகள் எல்லாரும் போய்விட்டால் யார் சொல்லுவார்கள்?

என் அனுபவம் சிறியது. அந்த பிப்ரவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் நிமோனியாவோடு ரோமின் ஜெமெல்லி மருத்துவமனையில் கிடந்தார். நாங்கள் வீட்டில் அவருக்காக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். மருத்துவமனையிலிருந்தே கப்பானை வணக்கத்துக்குரியவராக்கும் ஆணைக்கு ஒப்புதல் தந்திருக்கிறார் என்று பாதி ஜெபமாலையில் மகன் போனைப் பார்த்துச் சொன்னான். ஃபாதரையும் கடைசியில் வாட்டியது நிமோனியாதான். மீதிப் பத்துமணிகளை என்னால் சத்தமாகச் சொல்ல முடியவில்லை, மனைவிதான் நடத்தி முடித்தாள்.

புளியம்பட்டி எழுதியது:

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் தொடக்கத்தில் விசிட்டாவிலிருந்து அவர் பிறந்த பில்சன் ஊருக்குச் சுமார் 100 கிலோமீட்டர் நடக்கிறார்கள் இல்லையா, அதில் நான் நடந்தேன். நடந்துகொண்டே பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கிற குருக்கள் உண்டு. கோதுமை வயல்களுக்கு நடுவே ஜல்லி ரோட்டில், ஒரு சாமியோடு சேர்ந்து நடந்தபடி, ரொம்ப வருஷத்துக்கு அப்புறம் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஃபாதர் கப்பான் தன் பங்குச் சாப்பாட்டையும் பிறருக்குக் கொடுத்தவர், சோளத்தைத் திருடப் போகும் முன் இயேசுவோடு சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனான திஸ்மாஸை வேண்டிக்கொண்டு போய்க் கைதிகளுக்குக் கொண்டுவந்தவர். அதனால் சாமி எனக்குக் கொடுத்த அபராதம் இது: இன்றைய மதியச் சாப்பாட்டை உனக்குப் பிடிக்காத ஒருவருக்குக் கொடு.

யாருக்கு என்று எனக்கு உடனே தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், பேச்சுவார்த்தை இல்லை. கொண்டுபோய் நீட்டினேன். அவர் வாங்கினார், நான் நிற்கும்போதே முழுதும் சாப்பிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை, எழுந்து நடந்துவிட்டார். இன்றுவரை பேசவில்லை. அவர் முகத்தில் என்ன இருந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். புது ஷூ வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஏற்கெனவே கால் பழகிய ஷூ, அதுவும் அரை அளவு பெரிதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் மத்தியானத்துக்கு மேல் பாதம் வீங்கும். பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலை உரித்துவிடும். மெல்லிய சாக்ஸ் ஒன்று, அதன்மேல் கம்பளி சாக்ஸ் ஒன்று. காலையிலேயே விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவுங்கள். எங்காவது சூடாக உறைத்தால் அந்த நிமிடமே நின்று பிளாஸ்திரி போடுங்கள், அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கொப்புளம் எழும்பிவிடும். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை சுற்றும், உப்பும் சர்க்கரையும் கலந்தது ஏதாவது கையில் இருக்கட்டும். கான்சாஸ் காற்று வியர்வையைக் காயவைத்துவிடும், அதனால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. புல்லில் உட்கார்ந்தால் உண்ணி ஏறும், இரவில் கூடாரத்தில் படுக்கும் முன் காதுக்குப் பின்னாலும் முழங்கால் மடிப்பிலும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முழுத் தூரமும் நடந்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள், வண்டி வரும், ஏறிக்கொள்ளலாம். பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் கடைசிநாள் மட்டும் வந்தாலும் போதும். பில்சன் புனித ஜான் நெப்போமுக் ஆலய வாசலில், காயம்பட்ட வீரனைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்கிற ஃபாதரின் வெண்கலச் சிலை இருக்கிறது. அங்கே திருப்பலி காணலாம்.

புதுமை பற்றி ஓரியூர் அண்ணன் சொன்னது சரிதான். 2008-ல் கம்பூன்றித் தாண்டும் பயிற்சியில் மண்டை உடைந்த கல்லூரி மாணவர் பிழைத்ததை விசாரிக்க ரோமாபுரியிலிருந்தே ஆள் வந்தார். எல்லாரும் விடாமல் மன்றாடினால் நிச்சயம் நடக்கும்.

ஏலாக்குறிச்சி எழுதியது:

நான் தென்கொரியாவில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்கிறேன். எங்கள் பங்கில் ஒரு பாட்டி எனக்கு ஃபாதர் கப்பானைப் பற்றிய கொரியப் புத்தகத்தைக் காட்டினார். அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பழுப்பு. 1956-ல் ஒரு குருமாணவர் மொழிபெயர்த்தது. அவர்தான் பிற்பாடு சியோல் பேராயரான கர்தினால் நிக்கோலாஸ் சோங் சின்சுக். ஃபாதரின் எலும்புகள் அடையாளம் காணப்பட்ட அடுத்த மாதம், 2021 ஏப்ரலில், கர்தினால் இறந்தார்.

பாட்டியின் குடும்பம் போரின்போது வடக்கிலிருந்து ஓடிவந்தது. நான் இந்தியன் என்று தெரிந்ததும், "உங்கள் மருத்துவர்களும் வந்தார்களே" என்றார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியாவின் 60-ஆவது பாராசூட் மருத்துவப் படை 1950 நவம்பரில், ஃபாதர் பிடிபட்ட அதே மாதத்தில், கொரியாவில் இறங்கியிருக்கிறது. ஃபாதரும் 1945-46-ல் பர்மா, இந்தியப் பகுதிகளில் ராணுவ ஆன்ம குருவாக இருந்தவர்.

பாட்டி சொன்ன இன்னொன்றுதான் என்னை உறுத்துகிறது. "நீங்கள் எல்லாரும் அவர் கல்லறைக்குப் போகலாம். அவர் இறந்த இடத்துக்கு நான் போக முடியாது. அது என் ஊர்ப் பக்கம்." பியோக்டோங் யாலு ஆற்றங்கரையில், அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இடைக்காட்டூர் எழுதியது:

புளியம்பட்டி தம்பி எழுதிய கடைசி வரியைப் படித்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லாரும் விடாமல் மன்றாடினால் நிச்சயம் நடக்கும் என்கிறீர்கள். நாங்கள் விடாமல்தான் மன்றாடினோம். என் கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய். பங்கில் ஒருவர் ஃபாதர் கப்பான் ஜெப அட்டை கொடுத்தார். தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் பிழைக்கவில்லை.

கடைசி வாரத்தில் ஓர் இரவு நான் அட்டையை எடுத்ததும் அவர், "அது வேண்டாம், அவர் எப்படிச் செத்தார் என்று சொல்லு" என்றார். சொன்னேன். காலில் ரத்தக்கட்டு, வயிற்றுக்கடுப்பு, அதன்மேல் நிமோனியா. காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்ன இடத்துக்குக் கைதிகள் வைத்த பெயர் சாவு வீடு. அங்கே போனவர்களுக்கு மருந்தும் இல்லை, சாப்பாடும் சரியாக இல்லை. வீரர்கள் அழுதார்கள். அழாதீர்கள், நான் எப்போதும் போக விரும்பிய இடத்துக்குத்தான் போகிறேன், அங்கே போனதும் உங்களுக்காக வேண்டிக்கொள்வேன் என்று அவர் ஆறுதல் சொன்னார். தூக்கிக்கொண்டு போனவர்கள் முன்னாலேயே காவலர்களையும் ஆசீர்வதித்தார். என் கணவர் அந்தக் காவலர்கள் பகுதியை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். அவரோடு கூடப்பிறந்தவர் ஒருவர் நிலத்தகராறில் பல வருஷமாக விலகியிருந்தார். மறுநாள் காலை போன் போடச் சொன்னார். பேசினார்கள்.

இதை எந்த மருத்துவக் குழுவும் விசாரிக்காது. விசாரிக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. ஆனால் பிழைத்தவர்கள் கணக்கை மட்டும் எழுதும்போது எங்களைப் போன்றவர்கள் சரியாக ஜெபிக்கவில்லை என்றாகிவிடுகிறது. அது எனக்கு வலிக்கிறது.

ஓரியூர் எழுதியது:

சகோதரி, உங்கள் கணவருக்காக இன்றைய ஜெபமாலையை ஒப்புக்கொடுக்கிறோம். விசாரணைக்குப் போகும் புதுமைக்கு மருத்துவச் சான்று வேண்டும், அது விதி. ஆனால் பெற்ற உதவி எதுவானாலும் விசிட்டா மறைமாவட்டத்துக்கு எழுதலாம், வாங்கிப் பதிவு செய்கிறார்கள். நீங்கள் இங்கே எழுதியதை அப்படியே அனுப்புங்கள். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன்.

புளியம்பட்டி எழுதியது:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்தேன். 'நிச்சயம்' என்ற வார்த்தையை இனி அப்படி எழுத மாட்டேன். ஜூனில் பில்சனுக்கு வர விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், விசிட்டாவிலிருந்து எங்கள் வண்டியில் இடம் இருக்கிறது. நடக்க வேண்டியதில்லை.

இடைக்காட்டூர் எழுதியது:

வருகிறேன். கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு வரலாமா?